கேட்டதும் கேட்பதும்: சுஃப்யான் ஸ்டீவன்ஸ் ஸ்பெஷல்

இந்த வாரத் தபாலில் ஒரே பாடகரைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டோம். கூட்டணி, கிரிக்கெட், தங்கம் விலை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள்க. அதற்குள் மூன்றுமே மாறியிருக்கும்.

யார் இந்த சுஃப்யான் ஸ்டீவன்ஸ்? சுருக்கமாகச் சொல்லவும். (கும்பகோணம்)

1975இல் டெட்ராய்ட்டில் பிறந்து, மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்த அமெரிக்கர். பாட்டைத் தானே எழுதி, தானே மெட்டமைத்து, முக்கால்வாசி வாத்தியங்களைத் தானே வாசித்து, தானே ஒலிப்பதிவும் செய்து, சொந்தக் கம்பெனியிலேயே வெளியிடுபவர். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை, நாதஸ்வரம், சமையல், பந்தி விசாரிப்பு எல்லாமே ஒரே ஆள் என்றால் எப்படி இருக்கும்? அப்படி!

பெயரைப் பார்த்தால் சூஃபி ஞானி மாதிரி இருக்கிறதே? (மேலப்பாளையம்)

அவர் பிறந்தபோது பெற்றோர் ‘சுபுத்’ என்ற ஆன்மிக இயக்கத்தில் இருந்தார்கள். ஜாவாவில் தோன்றிய இயக்கம். எந்த மதத்தாரும் சேரலாம். அதன் நிறுவனர் வைத்த பெயர் இது. பிள்ளை வளர்ந்து கிறிஸ்தவப் பாடல்கள் எழுத ஆரம்பித்தான். மேற்காசியப் பெயர், இந்தோனேசிய இயக்கம், அமெரிக்கப் பிறப்பு, பைபிள் பாட்டு. நம்மூர்த் தாலுகா ஆபீஸில் விண்ணப்பம் கொடுத்திருந்தால் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்று தெரியாமல் குமாஸ்தா லீவு போட்டிருப்பார்.

இண்டி ஃபோக் என்றால் நம் நாட்டுப்புறப் பாட்டு மாதிரியா? (மதுரை)

நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் பெயர் இருக்காது. இதற்குப் பெயரும் உண்டு, ராயல்டியும் உண்டு. கிட்டார், பாஞ்சோ, கதை சொல்லும் பாங்கு ஆகியவை ஃபோக் வழிவந்தவை. பெரிய இசைக் கம்பெனிகளின் தயவு இல்லாமல் சின்ன நிறுவனங்களில் வெளியாவதால் இண்டி.

2000க்குப் பின் அமெரிக்காவில் இது ஓர் அலையாகவே வந்தது. ‘அயர்ன் அண்டு வைன்’ என்ற பெயரில் பாடும் சாம் பீம், 2002இல் வந்த தன் முதல் ஆல்பத்தை வீட்டில் 4 டிராக் கருவியிலேயே பதிவுசெய்தார். ‘போன் ஐவர்’ ஜஸ்டின் வெர்னன் விஸ்கான்சினில் அப்பாவின் வேட்டைக் குடிலில் ஒரு குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, ஆல்பத்தோடு வெளியே வந்தார். மற்றவர்கள் ஆர்க்கெஸ்ட்ராவைக் கழித்துவிட்டு அறைக்குள் போனார்கள். ஸ்டீவன்ஸ் ஆர்க்கெஸ்ட்ராவையும் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். வித்தியாசம் அதுதான்.

முறையாகச் சங்கீதம் படித்தவரா? (திருவையாறு)

திருவையாற்றிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். சிறுவயதில் ஓபோ வாசிக்கப் படித்தவர். இன்டர்லோக்கன் என்ற பேர்பெற்ற கலைப்பள்ளியில் பயின்றவர். பாஞ்சோவெல்லாம் பிறகு வந்தது. அப்புறம் நியூயார்க்கில் நியூ ஸ்கூலில் புனைவெழுத்தில் முதுகலைப் பட்டம். அதனால்தான் அவர் பாட்டுகளில் பாத்திரங்கள் இருக்கிறார்கள், ஊர் இருக்கிறது, கிழமைகூட இருக்கிறது.

அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கும் ஆளுக்கொரு ஆல்பம் போடுவதாகச் சொன்னாராமே? (சேலம்)

சொன்னார். 2003இல் ‘மிச்சிகன்’, 2005இல் ‘இல்லினாய்’. அதோடு சரி. இரண்டு வருடத்துக்கு ஒன்று என்ற அதே வேகத்தில் போயிருந்தாலும் ஐம்பதாவது ஆல்பம் 2101இல்தான் வந்திருக்கும். அதெல்லாம் விளம்பரத்துக்காகச் சொன்ன வேடிக்கை என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். வாக்குறுதி கொடுத்தவரே ‘சும்மா சொன்னேன்’ என்று வாய் திறந்து சொன்ன அபூர்வத்துக்காகவே அவரை மன்னிக்கலாம்.

மாநிலத்தைப் பற்றி ஆல்பம் என்றால் சுற்றுலாத் துறை விளம்பரம் மாதிரி இருக்காதா? (உதகை)

‘மிச்சிகன்’ ஆல்பத்தின் முதல் பாட்டைப் போடுங்கள். ஊர் பெயர் ஃபிளின்ட். ஜெனரல் மோட்டார்ஸ் பிறந்த ஊர். ஆலைகள் மூடப்பட்டபோது நொறுங்கிப்போன ஊர். தலைப்பிலேயே வேலை இழந்தவர்களுக்கும் குறைந்த கூலிக்காரர்களுக்கும் என்று சமர்ப்பணம். ஒரு பியானோ, அடக்கி ஊதும் ஒரு டிரம்பெட், கூட ஒரு குரல். இதைக் கேட்டு யாராவது சுற்றுலா டிக்கெட் எடுத்தால் அவர் சமூகவியல் ஆய்வாளராகத்தான் இருக்க வேண்டும்.

‘இல்லினாய்’ ஆல்பத்துக்காகக் குடியேற்ற ஆவணங்கள், உள்ளூர் வரலாறு, சால் பெல்லோவின் நாவல்கள், கார்ல் சாண்ட்பர்க்கின் கவிதைகள் என்று தேடித் தேடிப் படித்தார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சி, ஆபிரகாம் லிங்கன், ஒரு தொடர் கொலைகாரன், குளவி கொட்டும் கோடை முகாம் எல்லாம் அதே 22 தடங்களுக்குள் வருகின்றன. பாடப்புத்தகத்தில் ஒதுக்கிவைத்த பெட்டிச் செய்திகளையெல்லாம் பாட்டாக்கியிருக்கிறார்.

அவர் பாட்டுத் தலைப்புகள் ரயில் மாதிரி நீளமாமே? (விழுப்புரம் ஜங்ஷன்)

ஜங்ஷன்காரருக்குத் தெரியாதா! 1832இல் நடந்த பிளாக் ஹாக் போரைப் பற்றிய ஒரு தடம் இருக்கிறது. ஒரு நாகரிகத்தையே தரைமட்டமாக்கிவிட்டு மறுநாள் காலை நிம்மதியாக எழுந்திருப்பது எப்படி என்று தலைப்பு. அதற்குப் பிறகும் ‘அல்லது’ போட்டு இன்னும் இரண்டு தலைப்புகள். இசை ஓடுவது இரண்டு நிமிடம் சொச்சம். பாடல் வரி ஒன்றுகூடக் கிடையாது. மண்ணின் மக்களை விரட்டிய கதை முழுவதும் தலைப்பிலேயே முடிந்துவிடுகிறது.

அதே ஆல்பத்தில் 19 விநாடித் தடம் ஒன்று, 6 விநாடித் தடம் ஒன்று. அறிவிப்பாளர் தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

இவ்வளவு பெரிய இசைக்கு எத்தனை கோடி செலவு? (கோவை)

கோவைக்காரர் கணக்கில்தான் நிற்பார்! கோடியெல்லாம் இல்லை. ‘இல்லினாய்’ ஆல்பத்தின் பெரும்பகுதி நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் உள்ள ‘படி பிராஜெக்ட்’ என்ற சின்னக் கூடத்தில் பதிவானது. ஒரு வாத்தியத்தை வாசித்துப் பதிவுசெய்வார்; அதன்மேல் அடுத்தது, அதன்மேல் இன்னொன்று. பாஞ்சோ, பியானோ, அக்கார்டியன், ஓபோ, புல்லாங்குழல், மணிகள் என்று அடுக்கிக்கொண்டே போவார். பிறகு நான்கு பேர் கொண்ட தந்தி வாத்தியக் குழு, ஒரு டிரம்மர், நண்பர்களின் கோரஸ். நூறு பேர் நின்று வாசித்த மாதிரி காதில் விழும். எண்ணிப் பார்த்தால் பாதிப் பேர் ஒரே மனிதர்.

மிச்சமானதையும் அவர் வீணாக்கவில்லை. அந்த ஆல்பத்தில் இடம் கிடைக்காத 21 தடங்களை 2006இல் ‘தி அவலாஞ்ச்’ என்று தனி ஆல்பமாகவே கொண்டுவந்தார். ‘சிகாகோ’ பாட்டுக்கு மட்டும் அதில் மூன்று மாற்று வடிவங்கள். சிக்கனத்தில் கோவைக்கே அண்ணன்.

தாளத்தில் ஏதாவது விசேஷம் உண்டா? (மயிலாப்பூர்)

உண்டு. ‘இல்லினாய்’ ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு இரண்டு பகுதியாக இருக்கும். முதல் பகுதி உலகக் கண்காட்சி. ஐந்து எண்ணிக்கை. நீங்கள் தொடையில் ‘தக தகிட’ போட்டுக்கொண்டே கேட்கலாம். கண்காட்சிக் கூட்டத்தில் முண்டியடித்து நடக்கிற மாதிரி, கால் எப்போதும் அரை அடி முன்னால் இருக்கும். இரண்டாம் பகுதியில் கவிஞர் சாண்ட்பர்க் கனவில் வருகிறார். தாளம் நான்குக்கு மாறிச் சமதரையில் இறங்கிவிடுகிறது. வெளியே ஆரவாரம் இருக்கும்வரை ஐந்து; தன் மனத்தோடு பேச ஆரம்பித்ததும் நான்கு. கணக்கு வித்தையைக் கதைக்கு வேலை வாங்கியிருக்கிறார்.

ஏன் எல்லாப் பாட்டையும் முணுமுணுக்கிறார்? தொண்டை சரியில்லையா? (நாகர்கோவில்)

தொண்டைக்கு ஒன்றுமில்லை. மைக்குக்கு மிக அருகில் வாயை வைத்து மூச்சும் பாட்டுமாகப் பாடுவது அவர் பாணி. அதே வரியை இரண்டு முறை பாடி, ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பதும் உண்டு. இரண்டு பதிவும் மயிரிழை விலகியிருப்பதால் குரலைச் சுற்றி ஒரு மென்மை படரும். உரக்கப் பாடினால் மண்டபத்துக்கே பாடுகிற மாதிரி இருக்கும்; இப்படிப் பாடினால் உங்களிடம் மட்டும் ஏதோ சொல்கிற மாதிரி இருக்கும். ரகசியம் என்றால் நாம் காதைக் கொடுக்காமல் இருப்போமா?

தொடர் கொலைகாரனைப் பற்றி அப்படி மென்மையாகப் பாடலாமா? (வேலூர்)

நியாயமான கேள்வி. ஜான் வேய்ன் கேஸி சிகாகோ பகுதியில் 33 பேரைக் கொன்றவன். குழந்தைகளுக்கு முன் கோமாளி வேஷம் போட்டவன். ஸ்டீவன்ஸ் அவனுக்குப் பரிந்து பேசவில்லை. கொல்லப்பட்ட இளைஞர்களை நினைக்கும்போது அவர் குரல் உடைகிறது. கடைசியில் பாட்டைத் தன் பக்கம் திருப்பி, நான் ஒளித்துவைத்திருப்பதும் வெளியே வந்தால் என்ன ஆகும் என்கிற இடத்தில் நிறுத்துகிறார். டிரம்ஸ், கோரஸ், ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. சத்தம் போட்டிருந்தால் இது க்ரைம் செய்தியாகிவிட்டிருக்கும். மென்மையாகப் பாடியதால் கேட்கிறவனும் தப்ப முடியவில்லை.

ஆல்பம் அட்டையில் சூப்பர்மேன் பறந்தாரே, அவர் எங்கே போனார்? (ஈரோடு)

இல்லினாயில் மெட்ரோபோலிஸ் என்ற ஊர், சூப்பர்மேனின் சொந்த ஊர் நாங்கள்தான் என்று கொண்டாடுகிறது. அதனால் அட்டையை வரைந்த ஓவியர் திவ்யா சீனிவாசன் அவரையும் வரைந்துவிட்டார். காப்புரிமைப் பிரச்சினை தலைதூக்கியது. அடுத்து வந்த இசைத்தட்டுகளில் சூப்பர்மேன் இருந்த இடத்தில் பலூன்கள் ஒட்டப்பட்டன. பத்தாண்டு நிறைவுச் சிறப்புப் பதிப்பில் எதிர் முகாமான மார்வெலின் ‘புளூ மார்வெல்’ வந்து நின்றார். குண்டடி படாத சூப்பர்மேன், வக்கீல் நோட்டீஸ் பயத்தில் விழுந்த கதை இது.

பக்திப் பாடகர் என்று சொல்லலாமா? (வேளாங்கண்ணி)

2004இல் வந்த ‘செவன் ஸ்வான்ஸ்’ ஆல்பத்தைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆபிரகாம், இயேசுவின் உருமாற்றம் என்று பைபிள் காட்சிகள், அவற்றுக்கு பாஞ்சோவின் சன்னமான மீட்டல். ஆனால் மறு வருடமே ‘கேசிமிர் புலாஸ்கி டே’ எழுதினார். புலாஸ்கி என்பவர் அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட போலந்து வீரர். மார்ச் மாதத்தின் முதல் திங்கள்கிழமை இல்லினாயில் அவர் பெயரில் விடுமுறை. பாட்டில் அந்த வீரர் வரவே மாட்டார். எலும்புப் புற்றுநோயில் ஓர் இளம்பெண் சாகிறாள். நண்பர்கள் கூடி ஜெபிக்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. விடுமுறை நாளில் அவள் போய்விடுகிறாள்.

கடவுள் இல்லை என்று அவர் கோபிக்கவும் இல்லை, எல்லாம் நன்மைக்கே என்று தேற்றவும் இல்லை. கேள்வியோடு கோவிலுக்குப் போகிற பக்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் கிடைக்காமலும் தொடர்ந்து போகிறவர்.

கிறிஸ்துமஸுக்கு ஒன்றிரண்டு பாட்டாவது பாடியிருக்கிறாரா? (தூத்துக்குடி)

நூறு! 2006இல் ஒரு பெட்டியில் 42, 2012இல் இன்னொரு பெட்டியில் 58. டிசம்பர் முழுக்கப் போட்டாலும் ஒரு நாளைக்கு மூன்று வீதம் தாங்கும்.

ஃபோக் பாடகர் என்று நம்பி ‘ஏஜ் ஆஃப் ஆட்ஸ்’ வாங்கினேன். உள்ளே கம்ப்யூட்டர் இரைச்சல். ஏமாந்துவிட்டேனா? (பெங்களூர்)

பெங்களூர்க்காரரே கம்ப்யூட்டரைக் குறை சொன்னால் எப்படி? 2010இல் பாஞ்சோவை ஓரமாக வைத்துவிட்டு சிந்தசைசரில் இறங்கினார். லூசியானாவில் தன் வீட்டைச் சுற்றிலும் தீர்க்கதரிசனப் பலகைகளாக எழுதித் தள்ளிய ராயல் ராபர்ட்சன் என்ற ஓவியரின் படைப்புகள்தான் தூண்டுதல். கடைசிப் பாட்டு 25 நிமிடம். நடுவில் ஆட்டோடியூன் போட்ட குரல்கூட உண்டு. ரசிகர்கள் திகைத்தார்கள். ஆனால் பில்போர்டு பட்டியலில் நுழையும்போதே ஏழாம் இடம். கிட்டார் மீட்டி அழ வைப்பார் என்று எதிர்பார்த்தால், டிஸ்கோ போட்டு அழ வைத்தார். அழுகை மட்டும் உத்தரவாதம்.

போக்குவரத்து நெரிசலைப் பற்றி யாராவது பாட்டு எழுதியிருக்கிறார்களா? (சென்னை, கிண்டியிலிருந்து)

சிம்பனியே எழுதியிருக்கிறார். புரூக்ளினையும் குயின்ஸையும் இணைக்கும் விரைவுச் சாலையைப் பற்றி ‘தி பி.க்யூ.இ.’. 2007இல் அரங்கேறியது. திரையில் வாகனங்கள், மேடையில் ஆர்க்கெஸ்ட்ரா, கூடவே இடுப்பில் வளையம் சுழற்றும் கலைஞர்கள். கிண்டியில் இதுவரை முதல் இரண்டுக்கு மட்டுமே வாய்ப்பிருக்கிறது: வாகனங்கள், ஹார்ன்.

அவர் ஆல்பங்களில் எது உச்சம்? ஒன்றே ஒன்று சொல்லவும். மழுப்பக் கூடாது. (புதுச்சேரி)

மழுப்பவில்லை: ‘கேரி அண்டு லோவல்’, 2015.

கேரி அவருடைய அம்மா. மனநோயோடும் போதைப் பழக்கத்தோடும் போராடியவர். மகனுக்கு ஒரு வயதானபோதே வீட்டைவிட்டுப் போய்விட்டார். லோவல் பிராம்ஸ், கேரி பிறகு மணந்தவர். அந்தத் திருமணம் ஐந்து வருடம்தான் நீடித்தது. அந்தச் சில கோடைக்காலங்களில் பிள்ளைகள் ஒரேகான் மாநிலத்தின் யூஜீன் நகருக்குப் போய் அம்மாவோடு இருந்தார்கள். மகனுக்குத் தாயிடமிருந்து கிடைத்த சொத்து ஏறக்குறைய அவ்வளவுதான். 2012இல் கேரி வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார். தெரியாத ஒருவருக்காக எப்படித் துக்கப்படுவது? 11 பாட்டுகளிலும் அதுதான் திண்டாட்டம்.

கோரஸ் படை இல்லை, டிரம்பெட் இல்லை. விரல்கள் கம்பியில் ஓடிக்கொண்டே இருக்க, குரல் மேலே மிதக்கிறது. ‘ஃபோர்த் ஆஃப் ஜூலை’ பாட்டில் இறந்த தாயும் மகனும் பேசிக்கொள்கிறார்கள். செல்லப் பெயர்களாகச் சொல்லிக் கொஞ்சுகிறாள் தாய். உயிரோடு இருந்தபோது கிடைக்காத கொஞ்சல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். யூஜீன் ஒரு பாட்டின் தலைப்பு. ஸ்பென்சர் பட் குன்று ஒரு பாட்டில், 1933இல் தொடங்கிய டில்லமூக் காட்டுத்தீ இன்னொன்றில். முதல் பாட்டின் தலைப்பு ஒரேகானின் கண்ணியமான மரணச் சட்டத்தின் பெயரேதான். சொல்லாமல் கொள்ளாமல் மூன்றாவது மாநிலத்தை முடித்துவிட்டார்! முதல் இரண்டுக்கும் அட்டையில் மாநிலத்தின் பெயர் போட்டார், மூன்றாவதற்கு அம்மாவின் பெயர். ஊரைப் பற்றிப் பாடுகிறேன் என்று அவர் சொன்னபோதெல்லாம் இதைத்தான் சுற்றி வந்துகொண்டிருந்தார் என்று எனக்குப் படுகிறது.

அந்த லோவல் இப்போது எங்கே? (காரைக்குடி)

கூடவேதான். 1999இல் இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் ‘ஆஸ்த்மாட்டிக் கிட்டி’ என்ற கம்பெனி. ஆமாம், இளைப்பு நோய் வந்த பூனைக்குட்டி. தாய் ஐந்து வருடத்தில் பிரிந்துபோனார், மாற்றாந்தந்தை நிலைத்துவிட்டார். சில உறவுகள் ரத்தத்தைக் கேட்பதில்லை.

அந்த ஆல்பத்தில் பின்னால் ஏதோ ‘உஸ்’ என்று சத்தம் கேட்கிறது. என் இயர்போன் பழுதா? (திருப்பூர்)

இயர்போனை விட்டுவிடுங்கள். புரூக்ளினில் இருந்த அவருடைய வேலையறையின் ஏசி சத்தம் அது. ஒரேகானில் ஒரு ஓட்டல் அறையில் ஐபோனில் பதிவுசெய்த பகுதியும் ஆல்பத்தில் இருக்கிறது. நினைத்திருந்தால் துடைத்து எடுத்திருக்கலாம். துக்கம் சவுண்ட்புரூஃப் அறையில் வருவதில்லை என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

ஆஸ்கர் வாங்கினாரா? (கோடம்பாக்கம்)

வாசல்வரை போனார். ‘கால் மீ பை யுவர் நேம்’ படத்துக்கு எழுதிய ‘மிஸ்டரி ஆஃப் லவ்’ 2018இல் பரிந்துரையானது. மேடையேறிப் பாடினார். பரிசு ‘கோகோ’ படப் பாட்டுக்குப் போனது. குழந்தைகள் படத்தோடு மோதினால் அப்படித்தான்.

பாட்டுக்கு நடனமும் உண்டாமே? (அடையாறு)

‘இல்லினாய்’ ஆல்பத்தை ஜஸ்டின் பெக் நடன நாடகமாக்கினார். வசனம் ஒரு வரி கிடையாது. பாடகர்கள் மூவர், மற்றதெல்லாம் உடல்மொழி. 2024இல் பிராட்வேக்கு வந்து, நடன அமைப்புக்கு டோனி விருதும் வாங்கியது. ஆல்பம் வந்து 19 வருடம் கழித்து! நல்ல பாட்டு வட்டி போட்டுக்கொண்டே இருக்கும்.

இப்போது எப்படி இருக்கிறார்? (தஞ்சாவூர்)

2023 அவருக்குக் கொடுமையான வருடம். கியான்-பாரே என்ற நரம்பு நோய் தாக்கி, மறுபடி நடக்கக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த அக்டோபரில் ‘ஜாவலின்’ வெளியானபோது, அதே ஆண்டு ஏப்ரலில் இறந்த தன் துணைவர் எவன்ஸ் ரிச்சர்ட்சனுக்கு அதைச் சமர்ப்பித்தார். அந்த ஆல்பத்தில் பாட்டுகள் விரல் மீட்டலில் தனியாகத் தொடங்கும். போகப் போகப் பெண்குரல் கோரஸ் வந்து சூழ்ந்துகொள்ளும். முணுமுணுப்பவரும் ஆர்க்கெஸ்ட்ராக்காரரும் ஒரே பாட்டுக்குள் சந்திக்கிறார்கள்.

எனக்கு ஆங்கிலம் தகராறு. கேட்கலாமா? (பரமக்குடி)

தாராளமாக. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே அவர் முணுமுணுப்பு பாதிதான் புரிகிறது. நீங்கள் ஒன்றும் அவ்வளவு பின்தங்கிவிடவில்லை.

எங்கிருந்து ஆரம்பிப்பது? (ஓசூர்)

முதலில் ‘சிகாகோ’. பிடித்தால் ‘இல்லினாய்’ முழுவதும். ஆள் சிக்கிவிட்டார் என்று தெரிந்தால் ‘செவன் ஸ்வான்ஸ்’. ‘கேரி அண்டு லோவல்’ ஆல்பத்தை இரவு பத்துக்கு மேல், மறுநாள் ஆபீஸ் இல்லாதபோது. ‘ஏஜ் ஆஃப் ஆட்ஸ்’ கடைசியில், வீட்டில் பெரியவர்கள் இல்லாதபோது.

என் மகன் வேலையை விட்டுவிட்டு பாஞ்சோ வாங்கப் போகிறேன் என்கிறான். என்ன செய்ய? (திருச்சி)

பாஞ்சோவை அப்புறம் பார்க்கலாம். உங்கள் ஊரைப் பற்றி முதலில் ஒரே ஒரு பாட்டு எழுதச் சொல்லுங்கள். மலைக்கோட்டையை மட்டும் எழுதினான் என்றால் அது சுற்றுலாக் கையேடு. வேலைக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். மலைக்கோட்டையில் தொடங்கி, இரண்டாம் சரணத்தில் உங்கள்மேல் அவனுக்கிருக்கும் பழைய கோபம் வெளியே வந்தால், பையனிடம் சரக்கு இருக்கிறது. பாஞ்சோவுக்குப் பணம் கொடுங்கள். எழுதியதை மட்டும் உறவினர்களுக்குப் பாடிக் காட்ட வேண்டாம்.